இல்லாத கையின் பிடி

ஒரு வருஷத்துக்குப் பிறகு கீதா என் வாசல் ஏறி வந்தது கண்ணாடி கேட்டு.

அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி கவியரசனின் மனைவி. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் குக்கர் வைத்தால் இந்தப் பக்கம் உட்கார்ந்து விசிலை எண்ணலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வருஷம் முகம் பார்க்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. நாங்கள் இருந்தோம். நாங்கள் என்ன, நான்தான். அவர்கள் பேச வந்தார்கள், நான் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, உன் சீர் கண்ணாடி கொஞ்ச நாளைக்கு வேணும்," என்றாள், படியிலேயே நின்றபடி.

"இன்னாத்துக்கு?"

"அவருக்குக் கை வலி தாங்கல. பொன்னேரில இருந்து ஒரு புள்ள வருது. கண்ணாடி வெச்சி வைத்தியம் பண்ணலாம்னு சொல்லுது. எங்க வூட்ல இருக்கிறது மூஞ்சி பாக்குற அளவுக்குத்தான்."

"எந்தக் கை வலிக்குதாம்?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லாத கை," என்றாள்.

கவிக்கு வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. போன வருஷம் வாடைக்காற்று தொடங்கிய சமயம். கடலில் இருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் திரும்பும்போது ஓர் அலை இவர்கள் பைபர் படகைத் தூக்கி, கரை அரிக்காமல் இருக்கக் கொட்டி வைத்த பாறைகள் மேல் அடித்தது. படகில் இருந்தது அண்ணனும் தம்பியும் மட்டும். பின்னால் வந்தவர்கள் போய்ச் சேர்ந்தபோது கவி பாறைக்கும் படகுக்கும் நடுவில் கை நசுங்கிக் கிடந்தான். என் வீட்டுக்காரர் திருவேங்கடம் எங்கேயும் இல்லை. கவி கண்ணைத் திறக்காமலே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

"உட்டுட்டேன். உட்டுட்டேன்."

நசுங்கிய கையை ஒரு லுங்கியில் அப்படியே சுருட்டிக் கட்டி, அவனைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே கையை எடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரை மூன்றாம் நாள் கடல் கொண்டுவந்து கரையில் போட்டது. அவருக்கு முன்பே அந்தச் சொல் கரையேறி ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. தம்பி அண்ணனை விட்டுட்டான், பிடித்த கையை உதறிவிட்டுத் தன் உயிரைப் பார்த்துக்கொண்டான் என்று. யாரும் அவனை அடிக்கவில்லை, விலக்கியும் வைக்கவில்லை. ஆனால் டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும். பெற்ற தாய், என் மாமியார் கோவிந்தம்மாவே அவன் வீட்டில் கை நனைப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று நான் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அவரப் புடிச்சியா, இல்லியா?"

"ஞாபகம் இல்ல அண்ணி," என்றான்.

கூடப் பிறந்தவன் உயிர் போகிற நேரத்தில் நடந்தது ஞாபகம் இல்லை என்கிறவனை என்ன செய்வது? அன்று சாத்தியதுதான் கதவு.

ஆனால் எனக்கும் என் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சங்கதி இருந்தது. எங்கள் பக்கம் ஆம்பிளை செத்தால் குளிப்பாட்டும்போது இடுப்பில் இருக்கும் அரைஞாண்கயிற்றை அறுத்து எடுப்பார்கள். பிறந்த பிள்ளைக்குக் கட்டுவது, ஆள் போகும்போதுதான் இறங்கும். பிளேடோடு உள்ளே போன என் அண்ணன் வெளுத்துப் போய்த் திரும்பி வந்து என் காதில் சொன்னான். "இடுப்புல கவுறே இல்லமா."

கயிறு இல்லாத இடுப்பு எங்களுக்கு அம்மணம். போகிற மனுஷனுக்கு அந்தக் கேவலம் வேறு எதற்கு? "அறுத்துட்டேன்னு சொல்லிடு," என்றேன். சொல்லிவிட்டான். பாறை அறுத்திருக்கும், இல்லை, மீன் கடித்திருக்கும் என்று நானாகச் சமாதானம் செய்துகொண்டேன்.

கவிக்குக் கை எடுத்துச் சில வாரங்களிலேயே சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது. முதலில் முனகல். அப்புறம், "பிரி, பிரி," என்று யாரையோ கெஞ்சுகிற குரல். இல்லாத கை எந்நேரமும் மூடியே இருக்கிறதாம். நகம் உள்ளங்கையில் குத்துகிறதாம். வெட்டிவிடலாம் என்றால் நகம் எங்கே இருக்கிறது? ஒருநாள் பட்டப்பகலில் மீன் பெட்டி ஐஸுக்குள் அந்த மொட்டைக் கையை விட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி அவன் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன்.

ஊர் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தது. செத்தவன் வந்து தம்பி கையைப் பிடித்திருக்கிறான், அழைத்துப் போகாமல் விடமாட்டான். இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் அவன் அலறும்போது இந்தப் பக்கம் நான் சுவரில் உள்ளங்கையை வைத்து, "புடிச்சிக்க, உட்டுடாத," என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லுவேன். சுவர் சில்லென்று இருக்கும். அவர் அங்கேதான் இருக்கிறார் என்று நம்பினேன். என்னைத் தேடி ஒரு தடவையும் வராத மனுஷன் தம்பியைத் தேடி மட்டும் வந்திருக்கிறாரே என்று பொறாமைகூட வந்தது.

அதனால் கீதாவிடம் சொன்னேன். "கண்ணாடி தரேன். ஆனா நான்தான் கொண்டாருவேன். நானும் கூட இருப்பேன்."

அவளுக்கு அது பெரிய உபகாரமாகப் பட்டது. காலையில் வேன் வந்து அவளை எளாவூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாயத்தான் விடும். ஒற்றைக் கை ஆளுக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள ஒருத்தர் வேண்டுமாம். அவள் என் கையைப் பிடித்து அழுதாள். நான் அவனுடைய வலியைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் வருகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சீராக வந்த மேஜையைக் கரையான் தின்றுவிட்டது, சட்டம் போட்ட கண்ணாடி மட்டும் மிச்சம். துடைக்கும்போது அவர் அதன் முன்னால் நின்ற கடைசிச் சாயங்காலம் வந்தது. மறுநாள் கடலுக்குப் போக வேண்டும். பழைய அரைஞாண்கயிறு உப்பில் இற்றுப் போயிருந்ததால் பழவேற்காட்டில் புதுக் கயிறு வாங்கி வந்திருந்தேன். எங்கள் மகள் அர்ச்சனாவுக்குச் சின்ன வயதில் போட்ட கொலுசு அறுந்து அதில் ஒரு வெள்ளி மணி தனியாகக் கிடந்தது. அதையும் கயிற்றில் கோத்துக் கட்டச் சொன்னார். "எம்பொண்ணு எங்கூட இருக்கட்டும்," என்றார். அவர் நடந்தால் லுங்கிக்குள் இருந்து கிணிங் கிணிங் என்று கேட்டது. "கோயில் மாடு வருது, வழி உடுங்க," என்று நான் சிரித்தேன். "கடல் சத்தத்துல எவனுக்குடி கேக்கப் போவுது?" என்றார்.

அந்த மணியும் கயிற்றோடு போய்விட்டது. கண்ணாடியில் என் முகம் தெரிந்ததும் துணியைப் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு போனேன்.

பொன்னேரியில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ஜெபசெல்வி. சொந்த ஊர் திருப்பாலைவனம். ஸ்கூட்டியில் வருவாள். கண்ணாடியைப் பார்த்து, "சூப்பர்க்கா, இந்த அளவுதான் வேணும்," என்றாள்.

"பேய்க்குக் கண்ணாடி காட்டப் போறியாமா?" என்றேன்.

கவி பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் கோபப்படவில்லை. "பேய் இல்லக்கா. சேதி வரல, அதான் பிரச்சன," என்றாள்.

"இன்னா சேதி?"

"நம்ம தோலுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. தொட்டா, குத்துனா, சுட்டா, அது நரம்பு வழியா சேதி அனுப்பும். அவ்ளோதான் அதோட வேல. இது சூடு, இது கூர்னு முடிவு பண்றது மூளைதான். அது உள்ள நம்ம ஒடம்பு மொத்தத்துக்கும் ஒரு படம் வெச்சிருக்குது. கை எங்க இருக்குது, தொறந்திருக்குதா மூடியிருக்குதான்னு நிமிஷத்துக்கு நிமிஷம் சேதி வர வர அந்தப் படத்த மாத்திக்கினே இருக்கும். கைய எடுத்துட்டா கை போயிடும். படம் போவாது."

"அப்ப மூடியே கெடக்குதுன்றானே?"

"புது சேதி வரலியே. கடைசியா வந்த சேதிய வெச்சிக்கினு அப்டியே உக்காந்துக்கினு இருக்குது. நசுங்குன அன்னிக்கு நரம்பு அறுந்ததும் ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, கை காணாமப் போன மாதிரி இருந்திருக்கும். கொஞ்ச நாள் போவ, மூளை அந்தப் பழைய சேதிய எடுத்து வெச்சிக்கிச்சி. எப்டிப் போனுதோ அப்டியே நிக்குது."

என் மடியில் போன் இருந்தது. அதில் என் வீட்டுக்காரர் நம்பர் இன்னும் இருக்கிறது. வாட்ஸாப்பைத் திறந்தால் அவர் போட்டோவும், கடைசியாகப் படகில் இருந்து அனுப்பிய, 'சோறு வெச்சிடு வந்துட்டேன்' என்பதும் அப்படியே நிற்கும். தினம் ஒரு தடவையாவது திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். அதைச் சொல்லவில்லை. "மூளை அவ்ளோ மக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"நம்பலன்னா நீயே வந்து உக்காருக்கா," என்றாள்.

கண்ணாடியை என் முன்னால் குறுக்கே நிறுத்தி, இடது கையை அதன் பின்னால் மறைத்து வைக்கச் சொன்னாள். வலது கை முன்னால். கண்ணாடிக்குள் தெரிந்த வலது கை, இடது கை இருக்க வேண்டிய இடத்தில் அச்சாக இடது கை மாதிரியே இருந்தது. இரண்டு கை விரல்களையும் ஒன்றாக ஆட்டச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் எது எந்தக் கை என்றே தெரியவில்லை. அப்புறம் ஆட்டாமல் வை என்றவள், செம்பில் இருந்த ஐஸ் தண்ணீரை என் வலது கை மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

மறைந்திருந்த இடது கை நனைந்தது. சத்தியமாக நனைந்தது. மணிக்கட்டில் சில்லென்று ஓடியது. வெடுக்கென்று உருவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"தோலு பொய் சொல்லுதா?"

"தோலு ஒண்ணுமே சொல்லலக்கா. மூளை கண்ணப் பாத்துட்டு அதுவா முடிவு பண்ணிக்கிச்சி. அதே மாதிரிதான் இவருக்கும். இருக்கிற கை தொறக்கிறதக் கண்ணாடில பாத்தா, இல்லாத கை தொறந்துச்சின்னு மூளை நம்பிடும். புடி உட்டுச்சின்னா வலி உட்டுடும்."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. காய்ந்த கையை நனைந்தது என்று நினைக்கிற மண்டையை வைத்துக்கொண்டுதான் நான் சுவரில் என் வீட்டுக்காரரைத் தொட்டேனா? அந்தப் பெண் மேல் ஆத்திரமாக வந்தது. பேயாவது எனக்கு மிச்சம் இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனாலும் போனேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் போய் உட்காருவேன். கவிக்கும் எனக்கும் நடுவில் கண்ணாடி. பளபளப்பான பக்கம் அவனுடைய இடது கைக்கு. பின்பக்கம், அட்டை ஒட்டிய பக்கம், எனக்கு. அந்தப் பின்பக்கத்தில்தான் மொட்டைக் கை இருக்கும். அதற்குக் கீழே ஒன்றும் இல்லாத இடம் இருக்கும். அவன் கண்ணாடியைப் பார்ப்பான், நான் அந்த இடத்தைப் பார்ப்பேன். இடது கையை மூடி மூடித் திறப்பான். வியர்த்துக் கொட்டும். "தொறக்கல," என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவான். நான் எழுந்து வந்துவிடுவேன்.

அப்புறம் ஒருநாள் ஜெபசெல்வி போனில் என்னைக் கூப்பிட்டாள். "சும்மா மூடித் தொறந்தா ஆவாதுக்கா. அந்தக் கை எப்டி இருக்குதோ அச்சு அசலா இந்தக் கையும் மொதல்ல அப்டி இருக்கணும். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் மூளை நம்பும். வெரல் வெரலா செய்யச் சொல்லு."

அதை நான்தான் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. "அந்தக் கை எப்டி இருக்குதோ, இந்தக் கையயும் அப்டியே வை. வெரல் வெரலா," என்றேன். ஒரு வருஷத்தில் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நான் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இடது கை மெல்ல மடங்கியது. நான் ஒரு குத்துவிடும் கையைத்தான் எதிர்பார்த்தேன். அது அப்படி இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எதையோ ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே வாங்கின. அதன் மேல் கட்டைவிரல் ஏறிப் பூட்டிக்கொண்டது. கடற்கரையில் பிறந்த எவளுக்கும் இந்தப் பிடி தெரியும். இழுக்கிற கயிறு கையை மீறிப் போகும்போது இப்படி ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பார்கள். கயிறு போனால் விரலும் போகும் என்பதால் சும்மா யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

"இது கவுறு புடிக்கிற புடி," என்றேன்.

"ஆமா அண்ணி. எப்பவும் இப்டித்தான் கெடக்குது."

"படகுக் கவுறா?"

"இல்ல. இது மெலிசு. வெரல அறுக்குது." கண்ணை மூடியபடியே சொன்னான். "குத்துறத நகம்னுதான் எல்லாருகிட்டயும் சொன்னேன். நகம் இல்ல அண்ணி. சுண்டு வெரலுக்குக் கீழ இன்னாவோ மாட்டிக்கினு இருக்குது. வேர்க்கடல அளவு. உருண்டையா. ஒரு பக்கம் கீறி உட்டாப்ல இருக்குது, அந்த ஓரந்தான் குத்துது."

நான் கண்ணாடிக்கு மேலே இன்னும் குனிந்தேன்.

"உள்ள இன்னாவோ உருளுது," என்றான்.

கண்ணாடி என் கையில் இருந்து நழுவப் பார்த்தது. முழங்காலை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன்.

"கவி, உங்கண்ணன் இடுப்புல இன்னா கட்டியிருந்தாரு?"

"இன்னா கட்டுவாரு? அண்ணாக்கவுறு. எல்லாரும் கட்றதுதான?"

"அதுல இன்னா இருந்துச்சி?"

"அதுல இன்னா?" கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை. அவனுக்குத் தெரியாது. தெரிய வழி இல்லை. சாயங்காலம் கட்டிய மணி, மறுநாள் கடல் சத்தத்துக்குள் போன மணி. என்னையும் அவரையும் தவிர அந்தக் கயிற்றில் அதைத் தொட்ட கை இந்த உலகத்தில் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். இன்னொரு கை தொட்டிருக்கிறது. கடல் அவரை இழுத்தபோது இவன் கைக்கு வாகாக அகப்பட்டது அந்தக் கயிறு. அதில் விரலைச் சுற்றிக்கொண்டு தொங்கியிருக்கிறான், படகு வந்து அந்தக் கை மேல் விழுகிற வரைக்கும்.

நரம்பு அறுந்ததும் கை காணாமல் போன மாதிரி இருந்திருக்கும் என்று ஜெபசெல்வி சொன்னாளே. கை தெரியாதவனுக்குப் பிடி எப்படித் தெரியும்? விட்டுட்டேன் என்று நினைத்திருக்கிறான். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரும் நானும் ஒரு வருஷம் அவனைத் தின்றோம். என் வீட்டுக்காரர் இவன் கையைப் பிடித்திருக்கவில்லை. இவன்தான் அவரைப் பிடித்திருக்கிறான். இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குளிப்பாட்டும்போது இடுப்பில் கயிறு இல்லாததை, அதை நாங்கள் மறைத்ததை, கொலுசு மணியை, கோயில் மாட்டை. சொல்லச் சொல்ல எனக்கே இன்னொன்று உறைத்தது. லுங்கியில் சுருட்டிக் கொண்டு போன அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வெட்டிய கையை ஆஸ்பத்திரியில் எங்கே போட்டார்களோ, கயிறும் மணியும் அங்கே போயிருக்கும்.

கவி தன் மொட்டைக் கையைக் குனிந்து பார்த்தான். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான். "அப்ப நான் உடலியா அண்ணி?"

"நீ உடலடா. கவுறுதான் அறுந்துச்சி."

அவன் அழுதான். சத்தம் போட்டு அழுதான். மூக்கும் கண்ணும் ஒழுகின, துடைத்துக்கொள்ளவில்லை. இருக்கிற ஒரே கையை அந்தப் பிடியிலேயே வைத்திருந்தான். நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இவன் அலறலைக் கேட்டு நான் பட்ட சந்தோஷத்தை நினைக்க எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சரி, இப்ப கைய தொற," என்று கண்ணாடியை மறுபடி நடுவில் நிறுத்தினேன். "அதே புடி. மெல்லத் தொற. வலி போயிடும்."

"மாட்டேன்."

"இன்னாது?"

"வலி இருந்துட்டுப் போவட்டும். உடலன்னு இப்பத்தான் தெரிஞ்சிது. இப்ப நானே உடணுமா?"

அவன் சொல்வதில் என்ன தப்பு? அவனைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். என் வீட்டுக்காரர் மண்ணுக்குள் போய்விட்டார். போனில் இருக்கிறவர் அசைவதில்லை, பேசுவதில்லை. இந்த இல்லாத கைக்குள் மட்டும்தான் அவர் இன்னும் தண்ணீரில் இருக்கிறார், இன்னும் மூழ்கவில்லை, இன்னும் ஒருத்தன் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான். பிடியைத் திற என்று நான் எந்த வாயால் சொல்வது?

முகத்துவாரப் பக்கம் ஒரு படகு மோட்டார் சத்தம் போட்டுக்கொண்டு போனது. மொட்டைக் கையின் முனை துடிப்பதைப் பார்த்தேன். தோலுக்கு அடியில் ஏதோ சதை வெட்டி வெட்டி இழுத்தது. கவி பல்லைக் கடித்த கடியில் தாடை புடைத்து நின்றது. ஒரு வருஷம் ஒரு நிமிஷம்கூடக் கை மாற்றாமல் ஒருத்தன் கயிறு பிடித்தால் என்ன ஆகும்? இரண்டு பேர் வலை இழுத்தாலும் ஒருத்தன் ஓய்ந்தால் அடுத்தவன் வாங்கிக்கொள்வான். இவனிடம் இருந்து வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. வர வேண்டியவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

கண்ணாடியைத் தோளில் தாங்கிக்கொண்டு, என் வலது கையை நீட்டினேன். மொட்டைக் கைக்குக் கீழே, ஒன்றும் இல்லாத அந்த இடத்தில், உள்ளங்கையை விரித்து வைத்தேன்.

"நீ உட வேணாம் கவி," என்றேன். "எங்கிட்ட குடு."

அவனுக்கு என் கை தெரியாது, கண்ணாடி மறைத்திருந்தது. "எங்க இருக்க அண்ணி?"

"உங்கைக்குக் கீழதான் இருக்கேன். நான் புடிச்சிக்கிறேன். குடு."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். இடது கையின் கட்டைவிரல் முதலில் ஏறிய இடத்தில் இருந்து இறங்கியது. அப்புறம் சுற்றியிருந்த விரல்கள் ஒரு சுற்று வெளியே வந்தன. கடைசியாகச் சுண்டுவிரல். கண்ணாடிக்குள் என்ன தெரிந்ததோ எனக்குத் தெரியாது, அவன் வாய் திறந்துகொண்டது. ஒரு வருஷமாகத் தூக்கியே இருந்த தோள் இறங்கியது. மொட்டைக் கையின் துடிப்பு நின்றது.

என் உள்ளங்கையில் சில்லென்று ஒன்று வந்து விழுந்தது. சின்னதாக, உருண்டையாக. ஜெபசெல்வியைக் கேட்டால் மூளை அதுவாக முடிவு பண்ணிக்கொண்டது என்பாள். பண்ணிக்கொள்ளட்டும். நான் விரல்களை மூடிக்கொண்டேன்.

"வாங்கிட்டியா அண்ணி?"

"வாங்கிட்டேன்."

"போயிட்ச்சி," என்றான். வலியைத்தான் சொன்னான். உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்தவன், நான் எழுந்து வருவதற்குள் தூங்கிப் போனான்.

கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டேன். எதிர் வாசலில் மாமியார் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்து நான் வருவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளிடம் சொல்ல வேண்டும், ஊர்க்கூட்டத்தில் எல்லார் மூஞ்சியையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதெல்லாம் நாளைக்கு. அன்றைக்கு என்னால் நடக்க மட்டும்தான் முடிந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் கிணிங் என்று கேட்டது.

இடது கையால் தாழ்ப்பாளைத் திறந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த அர்ச்சனா பையைக்கூடக் கழற்றாமல் என் மூடிய கையையே பார்த்தாள்.

"கையில இன்னாமா?"

"உன் கொலுசு மணி. நைனா குடுத்து உட்டாரு."

"காட்டு," என்று ஓடி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை.